புதிதாக ஃபர்ஸ்ட் இயர் சேர்வதற்கு முன்னால் பழைய மார்க் ஷீட்டை எடுங்கள்: பாதியில் நின்ற படிப்பை டிகிரி ஆக்கும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முப்பது வயதுக்கு மேல் "எப்படியாவது ஒரு டிகிரி முடிச்சிடணும்" என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். ஓசூர் சிப்காட்டில் ஆபரேட்டராக இருப்பவரிடம் சூப்பர்வைசர் போஸ்டிங்குக்கு டிகிரி கேட்கிறார்கள், குரூப் 2 எழுத நினைப்பவருக்கு டிகிரி இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு கொஞ்சம் நேரம் கிடைத்த பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் காலேஜ் வாசலையே மிதிக்காதவர்கள் இல்லை. யாரிடமாவது நாலு செமஸ்டர் மார்க் ஷீட் இருக்கும், யாரிடமாவது மூன்று வருஷ டிப்ளமோ இருக்கும், யாருக்காவது இரண்டே இரண்டு அரியர் பாக்கி இருக்கும். அதையெல்லாம் பீரோவில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு மாட்டியிருக்கும் ஏதோ ஒரு சென்டரில் போய் மறுபடி பி.ஏ. முதலாண்டு சேர்ந்துவிடுகிறார்கள். படித்ததற்கு என்ன மதிப்பு உண்டு என்று சென்டர்காரர் சொல்லமாட்டார். மூன்று வருஷ ஃபீஸ் அவருக்கு லாபம்தானே, அவர் ஏன் சொல்கிறார்.

அதனால் முதல் வேலை, எங்கேயும் பணம் கட்டாமல் இருப்பது. இரண்டாவது வேலை, நீங்கள் எந்த நிலையில் நிறுத்தினீர்கள் என்பதைக் காகிதத்தில் பார்த்துத் தெளிவாக்கிக்கொள்வது. ஞாபகத்தை நம்பாதீர்கள். "எனக்கு ஒரே ஒரு அரியர்தான்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் மார்க் ஷீட்டை விரித்தால் சுற்றுச்சூழல் கல்வி பேப்பரும் சேர்ந்து இரண்டாக இருக்கும்.

அரியர் மட்டும் பாக்கி என்றால்

ஆறு செமஸ்டரும் வகுப்புக்குப் போய், வருகைப் பதிவு சரியாக இருந்து, சில பேப்பர் மட்டும் பாஸாகாமல் நின்றிருந்தால் உங்களுக்குப் புது அட்மிஷனே தேவையில்லை. கிரெடிட் மாற்றம் (பாஸ் செய்த பேப்பர்களை வேறு பல்கலைக்கழகத்தில் கணக்கில் சேர்ப்பது), லேட்டரல் (நேரடி இரண்டாமாண்டு) என்று எதையும் யோசிக்க வேண்டாம். படித்த பல்கலைக்கழகத்திலேயே அந்தப் பேப்பர்களை எழுதி முடிப்பதுதான் செலவு குறைவான வழி, அதோடு ரெகுலர் டிகிரியாகவும் இருக்கும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் நம் பக்கம் ஒரு குழப்பம் உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997ல்தான் வந்தது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளும் அதற்குக் கீழே வருகின்றன. அதற்கு முன்னால் சேர்ந்தவர்களின் மார்க் ஷீட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், அவர்கள் சேப்பாக்கத்தில் கேட்க வேண்டும், சேலத்தில் இல்லை. பழைய சான்றிதழில் "கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்" என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அதற்கு முந்தைய சான்றிதழில் அப்படித்தான் இருக்கும், திருத்தம் எதுவும் தேவையில்லை.

பெரியார் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போவதானால், தர்மபுரியிலிருந்து சேலம் பஸ் ஏறி, தொப்பூர் கணவாயும் ஓமலூரும் தாண்டி, சேலம் டவுனுக்கு முன்னாடியே கருப்பூர் பக்கம் இறங்க வேண்டும். புது பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்ப வேண்டாம். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். உள்ளே போனதும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தைத் தேடுங்கள், எல்லோரும் கண்ட்ரோலர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கையில் ரெஜிஸ்டர் நம்பர், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ் இருக்கட்டும்.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அதுவும் அன்றைக்கு சீட்டில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். எழுதிக் கொடுங்கள். பெரிய நடை தேவையில்லை, இப்படி இருந்தால் போதும்: "நான் ஜூன் 2010ல் இன்ன கல்லூரியில் பி.காம். சேர்ந்து ஏப்ரல் 2013ல் ஆறு பருவமும் முடித்தேன். என் பதிவு எண் இது. கீழே குறித்துள்ள இரண்டு தாள்களில் தேர்ச்சி பெறவில்லை. இத்தாள்களை இப்போது எழுத அனுமதி உண்டா, பழைய பாடத்திட்டம் இல்லையென்றால் அவற்றுக்கு இணையான தாள்கள் எவை, அவற்றின் குறியீட்டு எண் என்ன என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." கீழே பேப்பர் பெயரும் குறியீட்டு எண்ணும். இந்தக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பல வாரம் பதிலே இல்லையென்றால் அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இது சண்டை போடுவதற்கு இல்லை, ஒரு பேப்பரில் கையெழுத்தோடு பதில் வாங்குவதற்கு.

"காலம் கடந்துபோச்சு, இனி எழுத முடியாது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். படிப்புக்கு இத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற உச்ச வரம்பு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டுதான். ஆனால் வரம்பு தாண்டியவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். அண்ணா பல்கலைக்கழகம் இருபது வருஷம் பழைய அரியர்காரர்களுக்குக்கூட, 2001-02 கல்வியாண்டில் படித்தவர்கள் வரைக்கும், 2021 நவம்பர்-டிசம்பரிலும் 2022 ஏப்ரல்-மேயிலும் எழுத வாய்ப்பு கொடுத்தது. அந்த அறிவிப்பு கண்ணில் படாமல் விட்டவர்கள் எத்தனையோ. படித்த கல்லூரி அலுவலகத்தில் உங்கள் செல் நம்பரைக் கொடுத்து வைப்பதும், பல்கலைக்கழக இணையதளத்தைத் தேர்வு விண்ணப்ப சீசனில் எட்டிப் பார்ப்பதும் நல்லது.

நடுவில் விட்டவர்கள்

இதுதான் பெரிய கூட்டம், சிக்கலும் இங்கேதான். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ படித்தபின் அப்பா தவறியதாலோ, ஃபீஸ் கட்ட முடியாமலோ, பெங்களூரில் வேலை கிடைத்ததாலோ நின்றவர்கள்.

முதலில் கிரெடிட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றி யூடியூபில் சொல்கிற அளவுக்கு அது எளிதாக இல்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இப்போதுள்ள முறைப்படி மூன்று வருஷ இளநிலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய 140 கிரெடிட். மார்க் ஷீட்டைப் பார்த்தால் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே 3, 4, 5 என்று ஓர் எண் இருக்கும், அதுதான். பாஸ் செய்த பேப்பரின் கிரெடிட் மட்டும்தான் உங்கள் கணக்கில் வரும். அதோடு பேப்பர்கள் பகுதி ஒன்று முதல் பகுதி ஐந்து வரை பிரிந்திருக்கும்: முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது உங்கள் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), நாலாவதில் சுற்றுச்சூழல் கல்வி மாதிரியான பாடங்கள், ஐந்தாவது என்.எஸ்.எஸ். மாதிரி விரிவாக்கப் பணி. ரொம்பப் பழைய மார்க் ஷீட்டில் கிரெடிட்டே இருக்காது, மார்க் மட்டும்தான். அதனால் அது செல்லாது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு, பேப்பருக்குப் பேப்பர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்களிடம் 90 கிரெடிட் இருக்கிறது என்பதால் வேறொரு பல்கலைக்கழகம் அந்த 90ஐயும் எடுத்துக்கொள்ளும் என்று இல்லை. கிருஷ்ணகிரி மண்டிக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரிதான்: காய் உங்களுடையது, கழிவு எவ்வளவு என்று சொல்வது மண்டிக்காரர். எத்தனை கிரெடிட்டை ஏற்பது என்பது முழுக்க முழுக்கப் போய்ச் சேர்கிற இடத்தின் முடிவு. பொதுவாக மொழிப்பாடமும் ஆங்கிலமும் சுலபமாக ஏறும். அதே மேஜரில் தொடர்ந்தால் மேஜர் பேப்பர்களும் ஓரளவு ஏறும். மேஜர் மாறினால், உதாரணமாக பி.எஸ்சி. இயற்பியல் விட்டுவிட்டு பி.ஏ. வரலாறு என்றால், மூன்றாம் பகுதி பெரும்பாலும் கழிவில் போய்விடும். பி.இ. நடுவில் விட்டுவிட்டு பி.சி.ஏ. போகிறவர்களுக்கு கணக்கு, ஆங்கிலம், சி புரோகிராமிங் மாதிரி சிலது தேறலாம், வொர்க்ஷாப்பும் இன்ஜினியரிங் டிராயிங்கும் தேறாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் படித்த கல்லூரிக்கே போய் ரீ-அட்மிஷன் உண்டா என்று கேளுங்கள். அதே கல்லூரி, அதே பாடம் என்றால் முடித்த செமஸ்டர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே பெரும்பாலும் இருக்காது. விட்ட செமஸ்டரிலிருந்து தொடரலாம், நடுவில் சிலபஸ் மாறியிருந்தால் ஒன்றிரண்டு பேப்பர் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவருக்குப் பகல் காலேஜ் முடியாது, அது உண்மை. ஆனால் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், ஒரு வருஷம் மட்டும் பாக்கி உள்ளவர்களுக்கும் இதை விட நல்ல வழி கிடையாது. முப்பத்து மூன்று வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரக் கூச்சமாக இருக்கும், முதல் மாதம். அப்புறம் அவர்கள் உங்களிடம்தான் நோட்ஸ் கேட்பார்கள்.

அது முடியாது என்றால் தொலைநிலை, திறந்தநிலை, ஆன்லைன். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு தர்மபுரியிலேயே மண்டல மையம் இருக்கிறது. நம் பக்கத்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், சென்னைக்கு அலைய வேண்டாம், தமிழ் வழியிலும் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், கிரெடிட் டிரான்ஸ்ஃபருக்கென்றே தனி விண்ணப்பம் உண்டு. அங்கே நடைமுறை என்னவென்றால் முதலில் மாணவராகச் சேர வேண்டும், பிறகு பழைய மார்க் ஷீட், சிலபஸ் எல்லாம் வைத்து பேப்பர் வாரியாகக் கேட்க வேண்டும், ஒவ்வொரு பேப்பருக்கும் கட்டணம் உண்டு. முதலிலேயே உறுதி கிடைக்காது என்பது இதில் உள்ள தொந்தரவு. அதனால் சேர்வதற்கு முன்னால் அவர்கள் சிலபஸை இறக்கி நீங்களே ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். கிரெடிட் வங்கி (கீழே சொல்லும் ஏபிசி) விதிப்படி, பட்டம் கொடுக்கிற நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும். 140 என்றால் 70. ஐந்து செமஸ்டர் முடித்துவிட்டு கடைசி ஒரு செமஸ்டருக்கு மட்டும் வேறு பல்கலைக்கழகத்தில் நுழைந்து பட்டம் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களைப் பார்க்கவில்லை, உங்கள் பர்ஸைப் பார்க்கிறார்.

சிலபஸ் நகல், அதாவது உண்மையான ஆயுதம்

எல்லோரும் மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கிற பேராசிரியருக்கு மார்க் ஷீட்டில் தெரிவது பேப்பரின் பெயர் மட்டும்தான். "பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்ற பெயரில் ஒரு காலேஜில் சராசரி, திட்ட விலக்கத்தோடு நிறுத்துவார்கள், இன்னொரு காலேஜில் ஒட்டுறவு, போக்கு, குறியீட்டு எண் வரை போவார்கள். ஆகவே நீங்கள் படித்த வருஷத்து சிலபஸ் வேண்டும், இப்போது இணையத்தில் இருப்பது உதவாது. கல்லூரியில் உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டால் பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஜெராக்ஸ் போட்டு ஒவ்வொரு பக்கத்திலும் முதல்வர் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் உங்கள் பேப்பர், அதன் குறியீட்டு எண், கிரெடிட், ஐந்து யூனிட்டின் தலைப்புகள். வலது பக்கம் புதிய இடத்தில் அதற்குப் பொருந்தும் பேப்பரும் அதன் யூனிட் தலைப்புகளும் எழுதுங்கள். ஐந்தில் நாலு யூனிட் பொருந்தினால் அந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். இந்தத் தாளை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால் பார்க்கிறவருக்கு வேலை பாதி குறைகிறது. ஆபீஸ் வேலையில் யார் மற்றவருக்கு வேலையைக் குறைக்கிறாரோ அவர் ஃபைல்தான் முதலில் நகரும், நம் ஊரில் இது எல்லா ஆபீஸுக்கும் பொருந்தும்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிசி, எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், வேறு பல்கலைக்கழகம் போவதானால் மைக்ரேஷன் சர்டிபிகேட். டிசியில் "படிப்பை இடையில் நிறுத்தினார்" என்று எழுதியிருந்தால் அது குற்றம் இல்லை, உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்கள். மார்க் ஷீட் தொலைந்துபோயிருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பதிவு செய்து பிரிண்ட் எடுக்கலாம், அதை வைத்து நகல் சான்றிதழ் கேட்க வேண்டும். ஒரிஜினலை "ஃபீஸ் பாக்கி" என்று காலேஜிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பல இடத்தில் அந்த ஒரு கடிதத்துக்கே சான்றிதழ் கவர் வெளியே வந்துவிடும்.

ஏபிசி ஐடியும் இனிஷியல் தலைவலியும்

ஏபிசி, அதாவது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்பது 2021ல் வந்தது. மாணவர் படித்த கிரெடிட்டை ஒரு கணக்கில் வரவு வைக்கிற ஏற்பாடு. டிஜிலாக்கரில் ஆதாரை வைத்து நுழைந்தால் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும், இப்போது அதை அபார் ஐடி என்றும் சொல்கிறார்கள். செலவில்லை, பிரவுசிங் சென்டரில் கேட்டால் பிரிண்டோடு செய்து கொடுப்பார்கள்.

ஐடி கிடைத்தவுடன் உள்ளே கிரெடிட் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதில் வரவு வைக்க வேண்டியது பல்கலைக்கழகம், நீங்கள் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்ற முடியாது. சில வருஷங்களுக்கு முன் படித்தவர்களுக்குக் கணக்கு காலியாகத்தான் இருக்கும். அப்படியானால் காகித வழிதான், மேலே சொன்ன சிலபஸ் ஒப்பீடு. கிரெடிட்டுக்கு ஆயுளும் உண்டு, பொதுவாக அதிகபட்சம் 7 வருஷம். 2022ல் சேர்ந்து நின்ற தம்பி தங்கைகள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும். ஒரு வருஷம் முடித்தால் சான்றிதழ், இரண்டு வருஷம் முடித்தால் டிப்ளமோ என்று தேசியக் கல்விக் கொள்கையில் உள்ள ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அதனால் நம் அரசுக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அந்த டிப்ளமோவைக் கேட்டு நிற்காதீர்கள்.

ஆனாலும் ஏபிசி ஐடி எல்லோருக்கும் வேண்டும், ஏனென்றால் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர 2024லிருந்து யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு கொடுக்கும் டிஇபி ஐடி என்று ஒன்று கட்டாயம், அதை உருவாக்க ஏபிசி ஐடி கேட்கும். இங்கேதான் நம் ஆட்களின் பெயர் மாட்டிக்கொள்ளும். பத்தாவது மார்க் ஷீட்டில் "முருகன் ஜி", ஆதாரில் "முருகன் கோவிந்தன்", காலேஜ் மார்க் ஷீட்டில் "கே. முருகன்". கோவிந்தனுக்கு ஜி போடுவதா கே போடுவதா என்பதை அந்தந்த நாள் எழுதிய கிளார்க் முடிவு செய்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலுக்கு ஆதாரை மாற்றிய பெண்களுக்கு இன்னும் கூடுதல் வேலை. பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் சுலபம். மார்க் ஷீட்டைத் திருத்தப் போனால் காலம் போய்விடும். அட்மிஷன் கடைசித் தேதிக்கு முன்னால் இதை முடித்திருக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஆதார் மையத்தில் நிற்காதீர்கள்.

டிப்ளமோக்காரர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் பாதிப் பேர் இவர்கள்தான் என்று தோன்றும். மூன்று வருஷ பாலிடெக்னிக் டிப்ளமோவை பி.இ.யாக மாற்ற நேரான வழி லேட்டரல் என்ட்ரி, நேரடி இரண்டாமாண்டு. ஆக மூன்று வருஷம். வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேர பி.இ. உண்டு, மாலை வகுப்பு, தமிழ்நாட்டில் சில அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில். நமக்குப் பக்கமாக சேலம் அரசு பொறியியல் கல்லூரி, அதுவும் கருப்பூரில்தான். தர்மபுரியிலிருந்து போய் வருவது சிரமம், ஆனால் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2023லிருந்து வேலையில் இருப்பவர்களுக்கென்று வசதியான நேரத்தில் வகுப்பு நடத்த கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்து வருகிறது, உங்களுக்கு அருகில் எந்தக் கல்லூரி வாங்கியிருக்கிறது என்று அந்த ஆண்டுப் பட்டியலில் பாருங்கள்.

தொலைநிலையில் பி.இ. என்று யாராவது விற்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சூப்பர்வைசர் பதவிக்கு எந்த டிகிரியும் போதும் என்று கம்பெனி விதி இருந்தால் பி.இ.க்கு மெனக்கெடவே வேண்டாம், பி.பி.ஏ.வோ பி.காமோ போதும். அதை எச்.ஆரிடம் முதலில் கேளுங்கள், எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது: தொலைநிலைப் பட்டத்தை ஏற்பார்களா, எந்தப் பாடம் வேண்டும், சேர்வதற்கு முன் தெரிவிக்க வேண்டுமா.

ஐடிஐ முடித்தவர்களுக்கு ஒரு வரி. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருஷ ஐடிஐ முடித்திருந்தால் பன்னிரண்டாவது தமிழ், ஆங்கிலம் தேர்வு மட்டும் எழுதிப் பன்னிரண்டாவதுக்கு இணையான தகுதி பெறும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. பாலிடெக்னிக் நேரடி இரண்டாமாண்டும் உண்டு.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த வருஷத்துக்கு அனுமதி என்று பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகம் அசல்தானா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது, நீங்கள் சேரும் படிப்பும் சேரும் வருஷமும் அதில் இருக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்: கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சில வருஷம் அங்கீகாரம் இல்லாமல் போய், 2018-19லிருந்துதான் திரும்பக் கிடைத்தது. நடுவில் சேர்ந்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பாடங்களிலும் மாற்றம் வந்துகொண்டே இருக்கிறது. உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு ஊட்டச்சத்து மாதிரியான பாடங்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

அரசு வேலை கனவு இருந்தால் இன்னொன்று. பத்தாவது, பன்னிரண்டாவது முறையாகப் பாஸ் செய்யாமல் திறந்தநிலையில் வாங்கிய டிகிரி தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லாது, 2009ல் வந்த அரசாணை 107 அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவர் முதலில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவதை எழுதிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே அரசு ஊழியராக இருப்பவர் துறையில் அனுமதி வாங்கிவிட்டுச் சேருங்கள்.

"ஒரே சிட்டிங்கில் மூன்று வருஷம்", "பழைய தேதி போட்டு", "எக்ஸாம் நாங்களே எழுதிக்குவோம்" என்பவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் வாரச் சந்தையில் நோட்டீஸ் கொடுக்கிற அளவுக்கு இருக்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் வேலை போவதோடு போலீஸ் கேஸும் வரும். பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள், ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள் தேர்வுத் தேதியைப் பார்த்து லீவைத் திட்டமிடுங்கள். இக்னோவில் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்டை நீங்களே கையால் எழுதுங்கள், அதை எழுதி முடித்தாலே பாதிப் பாடம் மண்டையில் ஏறிவிடும். நைட் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் எழுதியவர்கள் பாஸ் ஆகியிருக்கிறார்கள், ஆனால் அது சிரமம், கூடுமானால் அந்த வாரம் ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து ரிசல்ட் வந்த பிறகும் சிலர் அப்படியே இருந்துவிடுகிறார்கள். புரொவிஷனலும் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் வாங்குங்கள், பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக வீட்டுக்கு வராது. தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்குங்கள், முன்பு படித்த கல்லூரியில் அந்தப் பகுதிக்கு ஒன்று, இப்போது முடித்த இடத்தில் ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி என்று காட்டினால்தான் அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு என்பதால் ஸ்கூல் சான்றிதழும் வேண்டியிருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் புதுத் தகுதியை இணையத்திலேயே சேர்க்கலாம், அதை அந்த வாரமே செய்துவிடுங்கள்.